பாப்போம் என்றொரு பொத்தான்

கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ராஜாவோடு சமாதானம் செய்துகொள்ள ராகுகாலம் பார்த்த ஒரே மனுஷி, எனக்குத் தெரிந்து, எங்கள் அக்காதான்.

கூடப் பிறந்த அக்கா இல்லை. பெரியகுளத்தில் பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். நான் ஆண்டிபட்டிக்காரி. கல்யாணமாகி வந்த இடத்தில் மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், தமிழ் டைப் தெரியும் என்ற ஒரு தகுதியோடு அவளிடம் வேலைக்குச் சேர்ந்தேன். என்னைவிட ஆறு வயது மூத்தவள். மானிட்டர் எல்லாம் பெட்டி பெட்டியாக இருந்த காலம். இரண்டாயிரத்து மூன்று, நாலு இருக்கும். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இருமிக்கொண்டே வேலை செய்யும் ஒரு ஜெராக்ஸ் மிஷின். அவ்வளவுதான் கடை.

மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் மாட்ட வந்த பையன், போகும்போது அதில் ஒரு ராஜா விளையாட்டை ஏற்றிவிட்டுப் போயிருந்தான். நமக்கு ஒரு நாடு. கம்ப்யூட்டர் நடத்துகிற ராஜாக்கள் நாலைந்து பேருக்கு ஆளுக்கொரு நாடு. அவரவர் மண்பாண்டம், எழுத்து, குதிரை, இரும்பு என்று ஒவ்வொரு வித்தையாகக் கற்றுக்கொண்டே போகவேண்டும். ஒருவன் கற்றதை இன்னொருவனுக்குக் கொடுக்கலாம், பதிலுக்கு அவனுடையதை வாங்கலாம். ஜெராக்ஸுக்கு வரும் காலேஜ் பிள்ளைகள் எட்டிப் பார்த்து, “சண்டை போடுங்கக்கா” என்பார்கள். அக்காவுக்குச் சண்டையில் ருசி இல்லை. கொடுக்கல் வாங்கல் பேச்சில்தான் ருசி.

பத்திரம் பதிகிற ஊர்க்காரர்கள் அஷ்டமி, நவமியில் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். ராகுகாலம், எமகண்டம் என்றாலும் ஆபீஸ் வாசல் காலியாகிவிடும். ஊருக்கே ஆகாத அந்த நேரம் எல்லாம் அக்காவுக்கு ராஜ்ய பரிபாலனம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மூன்று நாளாக அவள் ஊர்களை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்த சிவப்புக்கொடி ராஜா, தானாகவே சமாதானத்துக்கு வந்தான். திரையில் பெட்டி வந்து நின்றது. சரி என்று ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். மணி பத்தே முக்கால்.

“பன்னெண்டு வரைக்கும் ராகுகாலம்டி. நல்ல காரியம் பேசுற நேரமா இது? ஒக்காந்திருக்கட்டும்” என்று மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

ராஜாவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாடியைத் தடவிக்கொண்டு திரையிலேயே இருந்தான். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. சமாதானமும் போய்விட்டது. நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கலே வந்துவிட்டது.

“சிரிக்காதடி. ராகுகாலத்துல கையெழுத்துப் போட்டிருந்தா இதவிடப் பெரிய கேடு வந்திருக்கும்” என்றாள். இவளோடு யார் வாதாடுவது?

அக்காவுக்கு எல்லா வார்த்தையும் வரும், ‘முடியாது’ என்கிற ஒரு வார்த்தை மட்டும் வராது. யார் என்ன கேட்டாலும் “பாப்போம்” என்பாள். சொல்லிவிட்டுச் செய்துவிடுவாள். கடையில் இருந்த ஒரே நல்ல நாற்காலி பத்திர எழுத்தர் ஐயாவின் மேஜைக்குப் போயிருந்தது. மேஜை மின்விசிறியை டீக்கடைக்காரர் “ரெண்டு நாளைக்கு” என்று வாங்கிப் போய் இரண்டு கோடையைக் கழித்துவிட்டார். நாங்கள் வேர்வையில் நனைந்து டைப் அடித்தோம். “போய்க் கேளுங்கக்கா” என்றால், “கேட்டா என்ன நெனைப்பாக? பாப்போம்” என்பாள். எனக்குக் கோபம் கோபமாக வரும். அவள் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து தினமும் பாதிக் குழம்பை ஊற்றிக்கொண்டவள் நான் என்பதால், வாயை மூடிக்கொள்வேன்.

விளையாட்டிலும் அதே கதைதான். சிவப்பு ராஜா முதலில் மண்பாண்ட வித்தை கேட்டு வந்தான். கொடுத்தாள். அடுத்து எழுத்து. கொடுத்தாள். அப்புறம் இரும்பு கேட்டான்.

“அக்கா, இரும்பக் குடுத்தா அவன் கத்தி செஞ்சு நம்ம கழுத்துக்கே வருவான்.”

“வாய்விட்டுக் கேட்டுட்டாகளேடி.”

“அவன் என்ன ஒங்க சம்பந்தியா? மிஷின்க்கா அது!”

“அதுக்காக? மூஞ்சில அடிச்சாப்புல எப்பிடிச் சொல்ல?” என்றவள் திரையைக் காட்டிப் பொருமினாள். “இங்கன பாரு. சரி, முடியாது, ரெண்டே பொத்தான். நம்ம ஊருல எவன்டி ஒரே வார்த்தையில முடியாதும்பான்? பாப்போம்ண்டு ஒரு பொத்தான் வைக்கணும்னு இதச் செஞ்சவனுக்குத் தோணுச்சா? அக்கா தங்கச்சியோட பொறக்காதவன்.”

இரும்பைக் கொடுத்தாள். எண்ணிப் பத்துச் சுற்றில் சிவப்பு ராஜா இரும்புக் கத்தியோடு வந்து அவளுடைய இரண்டு ஊர்களைப் பிடித்துக்கொண்டான். அந்த மூன்று நாள் சண்டைதான் ராகுகாலத்தில் போய் முடிந்தது.

புது ஆட்டம் போட்டாள். மறுபடியும் ஒரு சிவப்பு ராஜா, மறுபடியும் இரும்பு. இந்தத் தடவை வெகுநேரம் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ‘முடியாது’ என்பதை அமுக்கினாள். ராஜாவின் முகம் சுருங்கியது. பெட்டி மூடிக்கொண்டது. நாங்கள் இருவரும் படைக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. ஒரு சுற்று, ரெண்டு சுற்று, அஞ்சு சுற்று போனது. பத்தாவதில் அவனே வந்தான். உலக வரைபடம் வைத்திருக்கிறேன், வேண்டுமா என்று கேட்டான்.

அக்கா வாயைப் பிளந்தாள். “ஆத்தாடி! மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டான், அம்புட்டுத்தேன். வேற ஒண்ணும் செய்யல பாரேன்.”

என்னவோ மலையையே நகர்த்திவிட்டவள் போல அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அந்த விளையாட்டில் இருந்த பேரம் பேசும் மேஜையையும் கண்டுபிடித்தாள். சும்மா கொடுக்கவும் வேண்டாம், முடியாது என்று விரட்டவும் வேண்டாம். நம் பக்கம் ஒரு பொருள், அவன் பக்கம் ஒரு பொருள் என்று எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். தட்டு மாற்றுகிற மாதிரி அவள் அதை வைப்பாள், எடுப்பாள், மாற்றி வைப்பாள். “அவனுக்கு எது இல்லையோ அத நாம வச்சிருக்கணும்டி. நமக்கு வேணுங்குறது, அவன் குடுத்தாலும் கொறஞ்சு போகாததா இருக்கணும்” என்பாள். இதெல்லாம் மிஷினோடுதான். நிஜ மனிதர்களிடம் பழைய பாப்போம்தான். மின்விசிறி டீக்கடையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

எங்கள் கடையில் ஓடிய சரக்கு என்னவென்று சொல்லவேண்டும். பாதிக்குப் பாதி விடுதலைப் பத்திரம். அப்பன் செத்த பிறகு சொத்தில் பெண்பிள்ளைக்கும் பங்கு உண்டு. கூடப் பிறந்தவளை அழைத்துவந்து, எனக்கு வேண்டாம், எல்லாம் அண்ணன் தம்பிக்கே என்று எழுதி வாங்கிக்கொள்வதுதான் அது. யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு பட்டுச் சேலை எடுத்துக்கொடுப்பார்கள். கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டால், நாளைக்கு அவள் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி இருக்காது, சடங்குக்குத் தாய்மாமன் சீர் வராது. அந்தப் பயம் ஒன்று போதாதா? முகூர்த்த நாளில் ஐந்தாறு பேர் பட்டுச் சேலையோடு வந்து வரிசையாகப் போட்டுவிட்டுப் போவார்கள். கம்ப்யூட்டரில் ஒரு மாதிரிப் பத்திரம் வைத்திருந்தோம். ‘மனப்பூர்வமாகச் சம்மதித்து’ என்பது அதில் அச்சாக இருக்கும். பெயரையும் எல்லையையும் மாற்றினால் வேலை முடிந்தது. நானும் ஆண்டிபட்டியில் என் அண்ணன்மாருக்குப் போட்டுக்கொடுத்தவள்தான். அரக்குக் கலர் சேலை. பெட்டியில் கிடக்கிறது.

ஒருநாள் எழுத்தர் ஐயா ஒரு கைப்பிரதியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஜெயமங்கலம் கிராமம், ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு, கிணறு. எழுதிக்கொடுப்பவர் பெயர், எங்கள் அக்காவின் பெயர். எழுதி வாங்குபவர், அவளுடைய ஒரே அண்ணன்.

நான் ஓடிப்போய் எழுத்தரைப் பிடித்தேன்.

“பேசியாச்சுண்டு அவுக அண்ணன்தானம்மா சொன்னாரு. தங்கச்சி பாப்போம்ண்டு சொல்லிருச்சாம். ஒங்க அக்கா பாப்போம்னா சரிண்டுதானே அர்த்தம்? ஊருக்கே தெரியுமே” என்றார். அவர் மேல் தப்பில்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியே அப்படி வந்ததுதானே.

அக்கா கைப்பிரதியை வாங்கி இரண்டு தடவை படித்தாள். “குடு, நானே அடிக்கிறேன்” என்றாள். அந்தத் தோப்பு அவள் அப்பா சுயமாக வாங்கி, கிணறு வெட்டி, கன்று வைத்து உண்டாக்கியது. கிணறு வெட்டும்போது இவள்தான் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுபோவாளாம். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தாள். அடித்து முடித்து, “எனக்குத் தோப்பு வேணாம்டி. மாங்காய் வேணாம். எங்கப்பன் எடத்துல எம்பேரு இருக்கணும்ண்டு ஒரு ஆசை. அதக் கேட்டா எங்கண்ணன் இல்லாமப் போயிருவான். அவன் இல்லாம எம்மகளுக்கு யாருடி வந்து நிப்பா?” என்றாள். மகள் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லித் தொலைங்களேன்க்கா அவுகட்ட.”

“பாப்போம்.”

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். நான்தான் ஒரு சாட்சி. அண்ணன் வெள்ளைவேட்டி சட்டையில் வந்திருந்தார். அக்காவின் மதினி கையில் பட்டுச் சேலைப் பை. ஊரில் என்ன சேதி, தோப்பில் காய் எப்படி என்று நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சார்பதிவாளர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். “இதுல எழுதியிருக்கிறது படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டீங்களாம்மா? சம்மதம்தானே?”

எல்லாரும் தலையை ஆட்டுகிற இடம் அது. அக்கா ஆட்டவில்லை. “பாப்போம் சார்” என்றாள்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சார்பதிவாளரும் சிரித்தார். “பாப்போம்ண்டு எழுத இதுல எடம் இல்லம்மா. சரி, முடியாது. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

அக்கா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வலது கை மேஜை மேல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்; ஆள்காட்டி விரல், மவுஸை அமுக்குவது போல மேஜையை ஒரு அமுக்கு அமுக்கியது. அது எந்தப் பொத்தான் என்று இந்த உலகத்தில் அறிந்தவள் நான் ஒருத்திதான்.

“அப்ப முடியாது சார்.”

அண்ணனுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் அவர் முகம் சுருங்கிய சுருக்கம் இருக்கிறதே! “நாலு பேரு முன்னாடி என்னய அசிங்கப்படுத்திட்டேல்ல? இன்னையோட எனக்குத் தங்கச்சி இல்ல” என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியேறினார். மதினி பட்டுச் சேலைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

கடைக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள் அக்கா. “மணி என்னடி?”

“பத்தே கால்.”

“நல்லவேளை. ராகுகாலத்துக்கு முந்தியே சொல்லிட்டேன்” என்றவள், அப்படியே மேஜையில் கவிழ்ந்து அழுதாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, வயிறும் எரிந்தது. ஆண்டிபட்டி ஆபீசில் என்னையும் ஒருவர் இதே கேள்வி கேட்டார். நான் கேள்வி முடிவதற்கு முன்னால் தலையை ஆட்டியவள்.

அதற்கப்புறம் அண்ணன் அந்தச் சந்துக்கே வரவில்லை. கோயில் கும்பிடுக்கு அழைப்பில்லை. எதிரே பார்த்தால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனார். “மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான். அம்புட்டுத்தேன். தானா வருவான் பாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள் அக்கா. மாதம் ஆக ஆக அந்தக் குரலில் தெம்பு குறைந்தது. ராஜா விளையாட்டைத் தொடுவதையே விட்டுவிட்டாள்.

ஒரு வருஷம் கழித்து அக்காவின் மகள் பெரிய மனுஷியானாள். சடங்குக்குத் தேதி வைத்தார்கள். புருஷன் வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். “ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா தாய்மாமன் சீரோட சபை நெறஞ்சிருக்கும். இப்ப பிள்ளைக்கு மொதச் சேலை யாரு கொண்டு வாராக?” என்று அவள் மாமியார் கடைவாசலில் நின்றே கேட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு அக்கா, “போட்டிருக்கலாமோடி?” என்று என்னைக் கேட்டாள். சேலை வாங்கிக்கொண்டு போட்டவள் நான். என் அண்ணன்மார் என் மகன் காதுகுத்துக்கு வந்து, பந்தியில் முதல் ஆளாகச் சாப்பிட்டுவிட்டு, பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பியவர்கள். அதைச் சொன்னேன்.

சடங்குப் பத்திரிகையை நான்தான் டைப் அடித்தேன். ‘தாய்மாமன்’ என்று போட்டு, கீழே அண்ணன் பெயரை அடிக்கச் சொன்னாள்.

“வராட்டி?”

“நீ அடி.”

அன்றைக்கு நவமி. ஆபீஸ் வாசலில் காக்காய்கூட இல்லை. பத்திரிகையைத் திரையில் வைத்து நான் பிழை பார்த்துக்கொண்டிருக்கும்போது, வாசலில் நிழல் விழுந்தது. அண்ணன். கையில் ரேஷன் கார்டு.

“ரெண்டு காப்பி” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அங்கேயே மூன்று ஜெராக்ஸ் கடை உண்டு. ஜெயமங்கலத்திலிருந்து வந்தவர் அவ்வளவையும் தாண்டி இந்தச் சந்துக்குள் வந்திருக்கிறார். அக்கா, “வாங்கண்ணே” என்று கார்டை வாங்கிக்கொண்டு மிஷின் பக்கம் போனாள். அது சூடாகிக் கனைத்துக்கொண்டு கிளம்ப நேரம் பிடிக்கும். அண்ணன் நின்ற இடத்துக்கு நேரே என் மானிட்டர். அவர் பார்வை சுவரிலிருந்து மெதுவாக அதற்கு இறங்கியது. தன் பெயரைப் பார்த்துவிட்டார்.

“எம்பேரு எதுக்கு இங்கன?”

அக்கா திரும்பவில்லை. மிஷின் மூடியைப் பிடித்துக்கொண்டே பேசினாள். “தோப்புப் பட்டாவுல எம்பேரு இருக்கட்டும்ணே. பத்திரிகைல ஒம்பேரு இருக்கட்டும். வெள்ளாமை ஒன்னோடதுதேன். ஒரு மாங்காய்கூட நாங் கேக்கமாட்டேன், எம்மகளும் கேக்கமாட்டா. எங்கப்பன் எடத்துல எம்பேரு, எம்மக சபையில ஒம்பேரு. ஒத்துக்கிட்டா இருக்கட்டும். இல்லேன்னா இப்பவே சொல்லிரு, அந்த வரிய எடுத்துர்றோம். பாப்போம்ண்டு மட்டும் சொல்லீறாத.”

மிஷின் உறுமியது. வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு ஓடியது. அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். தொண்டையைச் செருமினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து அதட்டினார்.

“ஏத்தா, எழுத்த இம்புட்டுச் சின்னதாவா போடுறது? தாய்மாமன் பேரு சபையில ஒருத்தன் கண்ணுக்காவது தெரிய வேணாமா?”

நான் கூட்டினேன்.

“இன்னும்.”

கூட்டினேன். பிள்ளையைப் பெற்ற அப்பன் பெயரைவிடப் பெரிதாகிவிட்டது.

“ம். இருக்கட்டும்” என்றார்.

அக்கா திரும்பவே இல்லை. இரண்டு காப்பி கேட்ட மனுஷனுக்கு ஆறோ ஏழோ எடுத்துவிட்டு, இன்னும் எடுத்துக்கொண்டிருந்தாள்.